எட்டு இன்ச் நாலு நூல்

2019-இல் ஆடி மாதம் கொரட்டூர் ஏரிப்பக்கத் தெரு ஒன்றில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டிலிருந்து நான் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன். 1964 மாடல், இரண்டு கதவு. விலை 75,000 ரூபாய். எடுத்து வர டாட்டா ஏஸ் மூன்று நடை போனது. ஒரே கார்தான், ஆனால் அது மூன்று வண்டி அளவுக்குப் பிரிந்து கிடந்தது. செங்கல் அடுக்கின் மேல் சேஸிஸ். பக்கத்துச் சுவரில் சாய்ந்தபடி இரண்டு கதவுகள். மரக்கட்டிலின் மேல் பானெட். கூரையை மட்டும் தனியாகக் கழற்றி, கோணி போட்டு மூடி, பரணில் ஏற்றியிருந்தார்கள். இஞ்சின், கியர்பாக்ஸ், டைனமோ, வைப்பர் மோட்டார் எல்லாம் பலகை அலமாரியில். மீதி அத்தனையும் பிஸ்கட் டின்களிலும் ஹார்லிக்ஸ் பாட்டில்களிலும். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, ஃபவுண்டன் பேனாவில் தமிழில் எழுதியிருந்தது: முன் இடது. பின் ஆக்ஸில். கதவுக் கீல், வலது.

விற்ற அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. அவருடைய கணவர் பாடி என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள்.

“தம்பி, அடுத்த மாசம் இடிக்க வர்றாங்க. காயலான் கடைக்காரன் கிலோ கணக்குல கேக்கறான். அவரு ஒண்ணொண்ணா தொடச்சு வெச்ச பொருளு. கிலோவுக்குப் போட மனசு வரல” என்றார்.

ஆடியில் எதையும் வாங்காதே என்று என் வீட்டில் சொன்னார்கள். ஆனால் ஆவணி வரை அந்த ஷெட் நிற்காது.

பாதியில் நின்ற காரை வாங்குகிறவர்கள் முதலில் இஞ்சினைச் சுற்றிப் பார்ப்பார்கள். நான் முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். அதிலிருந்த சேஸிஸ் நம்பரும் வண்டியின் தகட்டில் இருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன. அதன் பிறகுதான் விலை பேச உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன் நான். இரும்பு எவ்வளவு கெட்டிருந்தாலும் வழி உண்டு, தாள் தொலைந்தால் வழி கிடையாது என்று எனக்குத் தெரியும்.

ஹெரால்டு இப்படிப் பிரித்து வைக்கத் தோதான கார் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அது இங்கிலாந்தில், கோவென்ட்ரி நகரத்தில் தொடங்குகிறது. அங்கிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தன் கார்களின் பாடியை ஃபிஷர் அண்டு லட்லோ என்ற வெளிக் கம்பெனியிடம் செய்து வாங்கிக்கொண்டிருந்தது. 1953-இல் அந்தக் கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. இனி பாடி கிடைக்காது என்றாகிவிட்டது. மற்ற கம்பெனிகள் எல்லாம் சேஸிஸே இல்லாமல், பாடியையே எலும்பாக்கி ஒரே கூடாகக் கார் செய்யத் தொடங்கிவிட்ட காலம் அது. அதற்குப் பெரிய பிரஸ்ஸும் பெரிய முதலீடும் வேண்டும். ஸ்டாண்டர்டு பழைய வழிக்கே திரும்பியது. தனி சேஸிஸ் ஒன்று. அதன் மேல் முன்பாகம், நடுப்பாகம், பின்பாகம் என்று சின்னச் சின்ன பட்டறைகளில் செய்யக்கூடிய துண்டுகள். எல்லாவற்றையும் சேர்க்க போல்ட்டு. உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

வறுமைக்குச் செய்த ஏற்பாடு என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முகம் முழுவதும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து நிற்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பிவிடும். இன்றைக்கு வருகிற கார்களில் ஒரு பல்பு மாற்ற பம்பரைக் கழற்றுகிறார்கள். ரிப்பேர் செய்கிறவனை நினைத்துச் செய்த கார் ஹெரால்டு.

துண்டு துண்டாகப் பொருத்தும் கார், அந்த நேரத்து இந்தியாவுக்கும் பொருந்தியது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் தொடங்கியது. யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் கோவென்ட்ரி கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது அது. தொழிற்சாலை வண்டலூரில். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961-இலிருந்து ஹெரால்டு. கிட் என்று பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டி விற்பதோடு நிற்கக் கூடாது, வருஷத்துக்கு வருஷம் உள்நாட்டுப் பாகம் கூடிக்கொண்டே போக வேண்டும் என்பது அரசாங்கம் வைத்த நிபந்தனை. அதற்கு உடன்படாத ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவிலேயே மூட்டை கட்டிவிட்டன. கல்கத்தாவில் அம்பாஸடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்று கார்கள் மிஞ்சின.

உள்நாட்டுப் பாகம் என்று சட்டம் போட்டால் போதாது, அதை யாராவது எங்காவது கடைந்து, வார்த்து, அடித்துச் செய்ய வேண்டுமே. அந்த எங்காவதில் ஒரு பெரிய பங்கு எங்கள் பக்கம் வந்தது. டி.வி.எஸ். குடும்பம் பாடியில் வரிசையாகத் தொழிற்சாலைகளைக் கட்டியது. சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, 1960. ஸ்டார்ட்டரும் டைனமோவும் செய்ய லூக்காஸ் டி.வி.எஸ்., 1961. பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியாவும், லாரி ஏர் பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டனும், 1962. போல்ட்டும் நட்டும் செய்யவே ஒரு கம்பெனி, சுந்தரம் ஃபாஸனர்ஸ், 1966. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிளும் டன்லப் டயரும் அதற்கு முன்பே வந்துவிட்டன. 1964-இல் எஸ்டேட் வந்ததும் இந்தப் பெரிய தொழிற்சாலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த கொரட்டூர், மூன்று ஷிஃப்டு சங்குக்கு எழுந்து படுக்கும் ஊரானது. என் அப்பா வயலில் நின்றவர். நான் பதினேழு வயதில் லேத் முன்னால் நின்றேன். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுக் கதையும் இதுதான்.

டின்களை ஒவ்வொன்றாகத் திறந்தபோது இந்த வரலாறு என் கைக்கு வந்தது. அந்த வண்டி 1964-இல் வெளிவந்ததால் பாதிப் பாகம் கோவென்ட்ரியிலிருந்து வந்தது, பாதி இங்கே செய்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் லூக்காஸ் என்று மட்டும் இருந்தது. பின்னால் மாற்றிய டைனமோவில் லூக்காஸ் டி.வி.எஸ். என்று இருந்தது. நான்கு சக்கரத்தில் மூன்று பாடியில் செய்தவை. போல்ட்டுகள் பெரும்பாலும் இன்ச் அளவு, 7/16, அரை இன்ச் ஸ்பேனர் போடுபவை. நடுநடுவே மெட்ரிக் போல்ட்டுக்காக யாரோ பெரிதாக்கிய துளைகள். 1956-இல் மெட்ரிக் சட்டம் வந்தாலும் பட்டறையில் இன்ச் சாகவில்லை. இன்றைக்கும் கொரட்டூரில் தச்சரிடமும் ஃபிட்டரிடமும் போய்க் கேளுங்கள், ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல் என்றுதான் கணக்குச் சொல்வார்கள்.

இப்போது சோழவரத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அந்தக் கூரை ஏன் பரணில் இருந்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் சோழவரத்தில் இருந்தது. போர் முடிந்து சும்மா கிடந்த அந்த இடத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களிலிருந்து பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் வந்த 1990 வரையில், மோட்டார் பந்தயம் என்றால் தென்னிந்தியாவுக்கு அது சோழவரம்தான். 1975 வாக்கில் நாங்கள் ஐந்து பையன்கள் மூன்று சைக்கிளில் விடியற்காலையில் கிளம்புவோம். அம்பத்தூர், புதூர் வழியாகச் செங்குன்றம், அங்கிருந்து ஜி.என்.டி. ரோடு. கையில் புளிச்சோறு. ஓடுதளத்துச் சிமெண்டுத் தரையில் வெயில் ஏற ஏறக் கண் கூசும். மன்னர் வீட்டுப் பிள்ளைகளும் கம்பெனி முதலாளிகளும் வெளிநாட்டு வண்டி கொண்டுவருவார்கள். எங்களுக்கு அவற்றைவிட, சைலன்சரைக் கழற்றிவிட்டு, பின் சீட்டைப் பிடுங்கிவிட்டு வந்து நிற்கும் ஹெரால்டும் ஃபியட்டும்தான் பிடிக்கும். அதில் ஓடும் சக்கரம் எங்கள் தெரு மாமா செய்த சக்கரம். அவர் பெயரைச் சொல்லிக் கத்துவோம்.

ஹெரால்டுக்கு அந்தத் தரையில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் ஸ்விங் ஆக்ஸில் அதற்கு. வேகமாக வளைந்துகொண்டிருக்கும்போது ஓட்டுபவர் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால், வண்டியின் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். வண்டி பம்பரமாகச் சுற்றும். ஓட்டத் தெரிந்தவர்கள் வளைவில் காலை எடுக்கவே மாட்டார்கள். சத்தத்தை வைத்தே யார் கெட்டிக்காரர் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அதே ஹெரால்டு சேஸிஸை நீளம் குறைத்து, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடியை வைத்து, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் 1962-இல் கொண்டுவந்தார்கள். வரைந்தவர் அதே மிக்கெலோட்டி. முன் சஸ்பென்ஷன் அதே, ஸ்டியரிங் அதே. 1980 வரை அது ஓடியது. வண்டலூரில் அது வரவில்லை. வெளியிலிருந்து கார் கொண்டுவரச் சாமானியனுக்கு வழியும் இல்லை. சென்னையில் ஸ்பிட்ஃபயர் வேண்டும் என்று ஆசைப்பட்டவனிடம் இருந்தது அதன் அண்ணன் மட்டும்தான்.

வாங்கி எட்டு மாதம் கழித்து, 2020-இல் ஊரடங்கு போட்ட நாட்களில், சேஸிஸின் பழைய கிரீஸையும் மண்ணையும் சுரண்டினேன். மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டு, பழைய பனியன் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். நடுப்பகுதியில் விரலுக்கு ஏதோ தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் சென்டர் பஞ்ச் குத்திய புள்ளிகள், வரிசையாக ஏழு. கொஞ்சம் தள்ளி இன்னொரு வரிசை, அதிலும் ஏழு. எதிர்ப்பக்க ரெயிலிலும் அப்படியே. புள்ளிகளை இணைத்து ஸ்க்ரைபரால் மயிரிழைக் கோடு. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், கோடு துளி சாயவில்லை. டேப்பை எடுத்து இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்தேன். எட்டு இன்ச் நாலு நூல்.

ஹெரால்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி தொண்ணூற்றொன்றரை இன்ச். ஸ்பிட்ஃபயருக்கு எண்பத்து மூன்று. வித்தியாசம் எட்டரை. அந்த மனிதர் கொரட்டூர் ஷெட்டில் உட்கார்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யப் பார்த்திருக்கிறார்.

அன்றைக்கு நான் அதற்கு மேல் வேலை செய்யவில்லை. அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல ஃபிட்டரின் கை அது. ஒவ்வொரு குத்தும் ஒரே ஆழம். இவ்வளவு சுத்தமாக மார்க் பண்ணியவர் ரம்பத்தை ஏன் வைக்கவில்லை? வெட்டிவிட்டால் ஆர்.சி. புத்தகத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாது என்று யோசித்திருக்கலாம். மகள் கல்யாணம் வந்திருக்கலாம். அந்த அம்மாவைக் கேட்டதற்கு, “ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு வந்து அங்கதான் ஒக்காருவாரு. என்னா பண்றீங்கன்னு கேட்டா, அளந்துட்டு இருக்கேன்னுவாரு” என்றார்.

அவர் ஒரு இடத்தில் தப்பும் செய்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலையை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது அது. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் கீழ் நுனியில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்காரும். அதற்கு டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுற்றுகிறது. அதற்குக் கியர் ஆயில்தான் போட வேண்டும். நிப்பிள் இருக்கிறதே என்று நம் ஊரில் எல்லாரும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் ஏறாது. தண்ணீர் ஏறும். எஃகு உள்ளுக்குள் அரித்து, ஒரு நாள் வளைவில் முறியும். சக்கரம் வெளிப்பக்கம் மடிந்து விழும். இந்த வண்டியில் இரண்டு பக்கமும் கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. கழற்றிக் கழுவிப் பார்த்தேன். இடது தண்டில் மரையின் அடிப்பள்ளத்தில் முடி போல ஒரு விரிசல். வெண்கலக் கட்டையை என் லேத்திலேயே கடைந்துகொண்டேன். தண்டை மட்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் அங்கே இன்னும் நிறைய இருப்பதால் அந்தப் பாகத்தைப் புதிதாகச் செய்கிறார்கள். லோட்டஸ் செவன் காரிலேயே ஹெரால்டின் இந்தத் தண்டைத்தான் போட்டார்கள். தம்பிக்கு ஊரில் இருந்த மரியாதையால் அண்ணனுக்கும் மருந்து கிடைக்கிறது.

மற்ற சாமான்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும். கண்ணாடி ரப்பருக்கு மட்டும் மூன்று மாதம் அலைந்தேன். டிங்கரிங் வேலைக்கு மண்ணூர்ப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். ஈயம் காய்ச்சிப் பூசத் தெரிந்த கடைசித் தலைமுறை. பட்டியை நம்பாதவர்.

வண்டலூர் கதை நல்லபடியாக முடியவில்லை. இங்கிலாந்தில் 1971-இல் ஹெரால்டை நிறுத்திவிட்டார்கள். இங்கே நான்கு கதவோடு, பின்னால் ஸ்விங் ஆக்ஸிலுக்குப் பதில் கட்டை ஆக்ஸிலைப் போட்டு, 1972-இல் கெஸல் என்று விட்டார்கள். அதே 948 சி.சி. இஞ்சின். 1977-இல் அதுவும் நின்றது. பிறகு சில வருஷம் வேன் மட்டும். 1985-இல் ரோவர் எஸ்.டி.1 காரின் பாடியை வாங்கி, அதற்குள் வேன்கார்டு காலத்து இரண்டு லிட்டர் இஞ்சினை உட்கார வைத்து, ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தார்கள். மாருதி வந்துவிட்ட சமயம். மூன்று வருஷத்தில் அது முடிந்தது, கம்பெனியும் முடிந்தது. அங்கே விற்காமல் கிடந்த ரோவர் பாகங்கள் முழுவதையும் பின்னாளில் ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்துக் கடைக்காரர்கள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். பழைய ரோவரைச் சரிசெய்கிற ஆங்கிலேயர்கள் வண்டலூர்ப் பாகத்தைப் பூட்டி ஓட்டினார்கள். கோவென்ட்ரியிலிருந்து பெட்டி வந்ததை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இங்கிருந்து திரும்பிப் போன பெட்டிகளையும் எழுத வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். அந்தப் பாகங்கள் வண்டலூரில் வேலை இழந்தவர்கள் கையால் செய்தவை.

2021-இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய, அசல் உருவம் பெரிதாக மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், புதிதாகப் பதிவதற்கு 20,000. ஏற்கனவே நம்பர் உள்ள வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம். இந்த விதி வந்த பிறகு எனக்கு இருந்த கேள்வி ஒன்றும் தீர்ந்தது. அவர் மார்க் பண்ணிய இடத்தில் வெட்டி, அவர் நினைத்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து முடிப்பதா, அல்லது வண்டலூரிலிருந்து வெளிவந்தபடி நிறுத்துவதா என்று ஒரு வருஷம் எனக்குள் இழுபறி. இரண்டும் அவருக்குச் செய்யும் மரியாதைதான். வெட்டிவிட்டால் இது ஹெரால்டும் இல்லை, ஸ்பிட்ஃபயரும் இல்லை. சென்னையில் செய்த இரண்டு கதவு ஹெரால்டு எத்தனை மிச்சம் இருக்கிறது, எண்ணிவிடலாம். வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கடைசி டின்னைத் திறந்தது பெயிண்டுக்குப் போகும் முன்பு. அதன் மேல் “கடைசியில்” என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே 1983-ஆம் வருஷத்துத் தினத்தந்தித் தாள், அதற்குள் கிரீஸ் தடவிச் சுற்றிய போல்ட்டுகள். எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தேன். அப்புறம் பரணிலிருந்து வந்த கூரையை இறக்கி, துளைகளில் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தன. ஹெரால்டின் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றிவிட்டால் திறந்த கார், பூட்டினால் மூடிய கார், ஒரு சிறு வெட்டுக் கூட வேண்டாம். அவர் அதையும் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

சேஸிஸுக்குப் பிரைமர் அடிக்க வந்த பையன், “அங்கிள், இங்க ஏதோ ஓட்ட ஓட்டயா இருக்கு, பட்டி போட்டு அடைச்சிரட்டா?” என்று கேட்டான். வேண்டாம்ப்பா, அதன் மேல் மெலிசாக ஒரு கோட்டு மட்டும் அடி என்றேன். கறுப்புப் பெயிண்டுக்குக் கீழே இப்போதும் விரலை வைத்தால் தெரியும், இந்த வரிசையில் ஏழு, அந்த வரிசையில் ஏழு.